சனிக்கிழமை சி ஷிஃப்ட் போட்ட ஓட்டு

எஸ்லினுக்கு ஓர் இடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. அடுப்பில் சோறு கொதிக்கும்போதும் ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் ரிமோட். தமிழ்ச் சேனலின் பாட்டுப் போட்டியில் விளம்பரம் வந்தால் கன்னடத்துக்குத் தாவுவாள். அங்கே நடுவர் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தால் தெலுங்குக்கு ஓடுவாள். கர்நாடக எல்லையோரம் கெலமங்கலத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு மூன்று பாஷையும் ஒன்றுதான். எந்தப் பாஷையில் அழுதாலும் அழுகிற காரணம் ஒன்றேதான் என்பது அவளுடைய கட்சி.

"அந்த ரிமோட்டுக்கும் வாரத்துல ஒரு நாள் லீவு குடேன்டி, பாவம்," என்பான் அருள்ஜோசப். அவள் புருஷன். ஓசூரில் ஒரு டிராவல்ஸில் கார் ஓட்டுகிறான். பேச்சு குறைவான ஆள். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து எஸ்லினே பேசிவிடுவதால் அவனுக்கு அதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆனால் வேலை செய்கிற இடத்தில் அவள் பேச முடியாது. ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு வயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி. பத்தொன்பது வயதில் சேர்ந்தவள், இப்போது நாற்பதைத் தொடப் போகிறாள். நகர்ந்து வரும் பலகையில் வயரை ஓட்டி, டேப் சுற்றி, கிளிப் மாட்டி அனுப்ப வேண்டும். அடுத்த பலகை வந்து நிற்கும். பேசினால் கிளிப் மாறிவிடும், சூப்பர்வைசர் வந்துவிடுவார். போனைக் கேட்டிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். எட்டு மணி நேரம் வாயைக் கட்டிப்போடுவது எஸ்லினைப் போன்ற ஜீவனுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்தக் கம்பெனிக்கு எங்கே தெரியப்போகிறது!

அதனால்தான் அவளுக்குக் கம்பெனி பஸ் அவ்வளவு பிடிக்கும். கெலமங்கலத்தில் கிளம்பி ஓசூர் போய்ச் சேரும் வரை அந்த பஸ் அவளுடைய ராஜ்யம். பி ஷிஃப்ட் போகும் பெண்கள் மத்தியானம் உள்ளே போய் ராத்திரி பத்து மணிக்கு வெளியே வருகிறவர்கள். எல்லா நல்ல நிகழ்ச்சியும் அந்த நேரத்தில்தான் ஓடும். பார்க்க முடியாமல் போனதை, தூக்கத்தை விட்டுப் போனில் தேடிப் பார்த்துவிடும் எஸ்லின் சொல்லித்தான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சொல்வது என்றால் சும்மா சொல்லமாட்டாள். நடுவர் எப்படிப் புருவத்தைத் தூக்கினார், பாடுகிறவளின் அம்மா எந்த இடத்தில் முந்தானையை எடுத்தாள், எந்தப் பாடகி எந்தப் பாடகியோடு பேசுவதில்லை, எவளுக்கு விவாகரத்து, எவளுடைய ஆல்பம் பாதியில் நின்றுபோனது, எல்லாம் நடித்தே காட்டிவிடுவாள். அதில் பாதி நிஜம், பாதி எஸ்லின். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்டார்கள்.

"யக்கா, அந்த ஜட்ஜம்மா கட்டியிருந்தது பழைய புடவைதானே?" என்று எடுத்துக் கொடுப்பாள் சுஜாதா. தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து கெலமங்கலத்தில் விடுதியில் தங்கியிருக்கும் பெண், துடுக்குக்காரி.

"போன சீசன் ஃபைனல்ல கட்டுனதுடி அது! பார்டரை மட்டும் மாத்தியிருக்கா. நாம கண்டுபிடிக்க மாட்டமாம்."

"அய்ய ராமா! அவ்ளோ சம்பாதிச்சும் அதானா?" என்று கன்னத்தில் கை வைப்பாள் மங்கம்மா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், அந்த பஸ்ஸில் எல்லோரையும் விட மூத்தவள். அவள் கன்னத்தில் கை வைத்துவிட்டால் அன்றைக்குக் கதை ஜெயித்தது என்று அர்த்தம். எஸ்லின் அதைப் பார்க்கத்தான் அத்தனை பாடுபடுவாள்.

இப்படிப்பட்டவளின் வாழ்க்கையில் ஸ்வேனா திரும்பி வந்தாள்.

ஸ்வேனா யாரென்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எஸ்லின் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஊரெல்லாம் ஸ்வேனாதான். சினிமாவில் பாடியவள் இல்லை. தனியாக ஆல்பம் போட்டவள். 'மின்னல் ஜடை' என்று பேர். இடுப்பு வரை தொங்கும் ஜடையைச் சுழற்றிக்கொண்டு, கழுத்து நரம்பு தெரிய மேல் ஸ்தாயிக்கு ஏறி, அங்கேயே நின்று விளையாடுவாள். எஸ்லின் அந்த சிடியைத் தேய்ந்துபோகும் வரை போட்டாள். அதே மாதிரி ஜடை பின்னிக்கொண்டு சர்ச்சுக்குப் போய்ப் பாஸ்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பாடத்தான் வராது. அவள் பாடினால் அருள்ஜோசப் எழுந்து வெளியே போய்விடுவான். பாட வராததாலேயே பாடுகிறவர்கள் மேல் அவளுக்கு அத்தனை மோகம் என்று நான் நினைக்கிறேன்; அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

ஒரே ஆல்பத்தோடு ஸ்வேனா காணாமல் போனாள். கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள் என்றார்கள். புருஷன் பாடக்கூடாது என்றானாம் என்றார்கள். எல்லாவற்றையும் பஸ்ஸில் விதவிதமாகச் சொன்னவளே எஸ்லின்தான். இத்தனை வருஷம் கழித்து ஒரு சேனலில் 'திரும்பி வந்த குரல்' என்று போட்டி தொடங்கினார்கள். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்து மறந்துபோன பாடகிகள் மட்டும் மோத வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஒரு புது ஆல்பம் பதிவாகி வெளிவரக் காத்திருக்கிறது. ஸ்வேனாவுடைய ஆல்பத்துக்குப் பேர் 'இன்னொரு மின்னல்'. முதல் நாள் மேடையில் அவளைப் பார்த்ததும் எஸ்லின் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் பாம்பு வந்துவிட்டதென்று கட்டையோடு ஓடி வந்தார்.

அதோடு நின்றிருந்தால் தேவலை. ஒரு நாள் ஸ்வேனா போனில் நேரலையில் வந்து ரசிகர்களோடு பேசினாள். ஓசூர் கம்பெனி அக்காக்கள் ஓட்டெல்லாம் உங்களுக்குத்தான், நான் பொறுப்பு என்று எஸ்லின் தட்டிவிட்டாள். ஆயிரம் பேர் எழுதியதில் ஸ்வேனாவின் கண்ணில் அது பட்டுவிட்டது. "ஓசூர் எஸ்லின் அக்கா, நீங்க இருக்கும்போது எனக்கு என்ன பயம்?" என்று பேரைச் சொல்லிச் சிரித்தாள்.  அந்த வீடியோத் துண்டை வெட்டி எடுத்து எஸ்லின் அனுப்பாத ஆள் இல்லை. பத்தொன்பது வயதிலிருந்து அவளைக் கம்பெனியில் நம்பராகத்தான் கூப்பிட்டார்கள். இப்போது ஸ்வேனா வாயால் கூப்பிட்டிருக்கிறாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே என்று அன்றைக்கே அவளுக்கு ஒரு பரபரப்பு தொற்றிக்கொண்டது.

அரையிறுதி ஒரு சனிக்கிழமை வந்தது. ஸ்வேனா முன்னே மாதிரி பாடவில்லை. தணிந்த பாட்டாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடக்கமாகப் பாடி முடித்தாள். நடுவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசி இரண்டு பேரில் அவள் ஒருத்தி. யார் இருப்பது, யார் போவது என்பதை ஜனங்களின் ஓட்டு முடிவு செய்யும். ஓட்டு என்றால் மிஸ்டு கால். நம்பருக்கு அடித்தால் ஒரு மணி அடித்துத் தானாகக் கட்டாகிவிடும், அவ்வளவுதான். நிகழ்ச்சி முடிந்ததிலிருந்து சனிக்கிழமை முடியும் வரை அடிக்கலாம்.

அந்த வாரம் எஸ்லினுக்கு சி ஷிஃப்ட். ராத்திரி பத்து மணிக்கு உள்ளே போனால் காலை ஆறு மணிக்கு வெளியே வரலாம். அவளுடைய திட்டம் ரொம்பச் சுலபம். நிகழ்ச்சி முடிவதற்குள் எல்லோரும் உள்ளே போய்விடுவார்கள். ஆகவே சாப்பாட்டு இடைவேளையில் போனை எடுத்துக்கொண்டு கேன்டீனில் ஒன்றாகக் கூடி அடித்துவிட வேண்டும். தனித்தனியாக விட்டால் மறந்துபோவார்கள். அரையிறுதியில் எப்படியும் ஓட்டு தேவைப்படும் என்று முன்கூட்டியே, ஒரு வாரமாக ஒவ்வொரு லைனாகப் போய்ச் சொல்லி வைத்தாள். இடைவேளையில் லாக்கரைத் திறந்துவிட சூப்பர்வைசரிடம் மல்லுக்கு நின்றவள் சுஜாதா. அதற்காக அவளுக்கு ஒரு மெமோவும் கிடைத்தது. சொன்னபடியே முன்னூறு பெண்கள் தட்டை நகர்த்திவிட்டு மிஸ்டு கால் அடித்தார்கள். ஸ்வேனா யாரென்றே தெரியாத ஒடிசா பெண்கள்கூட எஸ்லின் அக்காவுக்காக அடித்தார்கள். மங்கம்மா நம்பரைத் தப்பாக அடித்து எவனையோ எழுப்பிவிட்டு, மறுபடி சரியாக அடித்தாள்.

கம்பெனியில் வேலை செய்யாதவர்களுக்கு இதில் என்ன தப்பென்று சட்டென விளங்கிவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு விளங்காது. கம்பெனிக்கு நாள் பிறப்பது காலை ஆறு மணிக்கு. சனிக்கிழமை சி ஷிஃப்ட் என்றால் விடிந்து வெளியே வரும் வரை சனிக்கிழமைதான். அட்டெண்டன்ஸில் சனிக்கிழமை, உற்பத்திப் போர்டில் சனிக்கிழமை, சம்பளத்திலும் சனிக்கிழமை. எத்தனையோ வருஷமாக அந்தக் கணக்கிலேயே தூங்கி எழுந்தவளுக்கு, நடுவில் பன்னிரண்டு மணிக்குத் தேதி மாறும் என்ற நினைப்பே வரவில்லை. முன்னூறு பேரில் ஒருத்திக்கும் வரவில்லை. சாப்பாட்டு இடைவேளையோ பன்னிரண்டரைக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடிவு சொன்னார்கள். ஸ்வேனா வெளியே. வித்தியாசம் இருநூறு ஓட்டுச் சொச்சம்.

"மோசடி! நாங்க மட்டுமே முன்னூறு போட்டிருக்கோம்!" என்று எஸ்லின் டிவியைப் பார்த்துக் கத்தினாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அருள்ஜோசப் நிமிர்ந்து, "எப்ப போட்டீங்க?" என்றான்.

"நேத்து. சாப்பாட்டு பிரேக்குல."

"அது பன்னெண்டுக்கு மேல இல்ல? அப்ப ஞாயித்துக்கெழமை ஆயிடுச்சேடி."

"சனிக்கெழமை சி ஷிஃப்ட்யா!"

"உங்க கம்பெனிக்கு சனிக்கெழமை. டிவிக்காரனுக்கு?"

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். ஸ்வேனாவின் நம்பருக்கு எதிரே ஞாயிறு என்று இருந்தது. எத்தனை முறை பார்த்தாலும் ஞாயிறு என்றே இருந்தது.  என் கையால் அந்தப் பொண்ணைத் தள்ளிவிட்டேனே, என் வாயை நம்பினாளே என்று ராத்திரி முழுக்கப் புலம்பினாள். அருள்ஜோசப் சொன்ன சமாதானம் எதுவும் காதில் ஏறவில்லை.

அடுத்த வாரம் பஸ்ஸில் ஒரே கொந்தளிப்பு. சேனல்காரன் காசு வாங்கிவிட்டான் என்று எல்லோரும் திட்டித் தீர்த்தார்கள். எஸ்லின் சன்னலோரம் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் வந்தாள். துக்கத்தில் இருக்கிறாள் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டு சுஜாதா பிஸ்கட் நீட்டினாள், ஒருத்தி தோளைத் தட்டினாள். அது வேறு அவளைக் குத்தியது. சொல்லிவிட நா வரை வரும், சுஜாதாவின் மெமோ ஞாபகம் வரும், விழுங்கிவிடுவாள். லைனில் கிளிப் மாற்றி மாட்டி இரண்டு முறை திட்டு வாங்கினாள். ஸ்வேனா நேரலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இனி பாடவே மாட்டாராம் என்று எவனோ ஒரு வீடியோவில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எஸ்லினுக்குச் சோறும் இறங்கவில்லை. அவளை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டால்தான் தூக்கம் வரும் என்று ஆகிவிட்டது.

அந்த நேரத்தில் ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை திறப்பு விழா. ரிப்பன் வெட்ட வருகிறவள் ஸ்வேனா. போட்டியில் தோற்ற பாடகிகளுக்கு முதலில் வரும் வேலை அதுதானே. விழா முடிந்ததும் அவளை பெங்களூர் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடும் வேலை அருள்ஜோசப் ஓட்டும் டிராவல்ஸுக்கு வந்தது. வேறொரு டிரைவருக்குப் போட்டிருந்ததை, அருள்ஜோசப் முதலாளியின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு மாற்றி வாங்கினான். வாங்கிவிட்டு எஸ்லினிடம் இவ்வளவுதான் சொன்னான்:

"நீ முன்னாடி சீட்ல ஒக்காரு. அழுது தொலைக்காத."

ஸ்வேனா பின்சீட்டில் ஏறினாள். கூட ஆள் யாரும் இல்லை. ஜடை இல்லை, முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். மேக்கப்புக்குக் கீழே களைப்பு தெரிந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு துப்பட்டா. முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜுஜுவாடி தாண்டி அத்திப்பள்ளியில் வண்டி நின்றது. முன்னால் லாரி, பின்னால் லாரி, இரண்டு பக்கமும் கம்பெனி பஸ்கள், சந்து கிடைத்த இடமெல்லாம் பைக். எங்கேயோ முன்னால் ஒரு கண்டெய்னர் பிரேக் டவுன் என்றார்கள். எஸ்லின் துப்பட்டா நுனியை முறுக்குவாள், பிரிப்பாள், ஏசியைக் கூட்டுவாள், குறைப்பாள். அருள்ஜோசப் ஒரு முறை அவள் கையைப் பிடித்து மடியில் வைத்தான். அது மறுபடி கிளம்பிவிட்டது. கடைசியில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அப்படியே பின்னால் திரும்பினாள்.

"மேடம், நான் எஸ்லின்."

ஸ்வேனா கண் திறந்து புரியாமல் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது. "ஓசூர் எஸ்லின் அக்காவா?"

அவ்வளவுதான். அழுது தொலைக்காதே என்று சொன்னதெல்லாம் காற்றில் போனது. கேன்டீன், முன்னூறு பெண்கள், சி ஷிஃப்ட், கம்பெனியின் சனிக்கிழமை என்று முன்னுக்குப் பின் கொட்டிவிட்டாள். "என் முட்டாள்தனம் மேடம். நீங்க என்னைய நம்புனீங்க. நான் உங்களக் கவுத்துட்டேன். ஒரு சேதி சொல்லி எல்லாரையும் உள்ள போறதுக்கு முன்னாடியே... அப்ப ஓட்டு லைனே தொறக்கல. நாலு பேரையாச்சும் வீட்ல இருக்கறவங்களப் போடச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோணல மேடம், எனக்குத் தோணவே இல்ல."

"முன்னூறு பேரா?" என்றாள் ஸ்வேனா. "சாப்பிடற நேரத்துலயா?"

"ஆமா மேடம். தட்டைத் தள்ளி வெச்சிட்டு."

ஸ்வேனா வெளியே பார்த்தாள். பக்கத்து கம்பெனி பஸ்ஸில் யூனிஃபார்ம் போட்ட பெண்கள் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அருள்ஜோசப் ஹாரன்கூட அடிக்கவில்லை.

"எங்க வீட்ல ஒருத்தரும் எனக்கு மிஸ்டு கால் கொடுக்கலைக்கா. கொடுக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருந்தேன்."

எஸ்லின் அழுகையை நிறுத்தினாள். ஸ்வேனா துப்பட்டாவை விலக்கித் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "உள்ளே ஒரு கட்டி வளர்ந்திருக்கு. ஆல்பம் பாடி முடிச்ச அப்புறம்தான் தெரிஞ்சுது. மேல் ஸ்தாயிக்குப் போனா குரல் உடைஞ்சிடும். ஃபைனலுக்குப் போயிருந்தா மியூசிக் இல்லாம, அதே பழைய பாட்டை மேல நின்னு பாடணும். ஊரே பார்க்க உடைஞ்சிருக்கும். நடுவுல விலக சேனல்ல விடலை. அதான் தணிஞ்ச பாட்டா எடுத்துத் தோத்தேன். நீங்க போட்ட ஓட்டை எண்ணியிருந்தா நான் மாட்டியிருப்பேன்கா."

"அப்ப... அப்ப நான் கெடுக்கலையா?"

"காப்பாத்தியிருக்கீங்க," என்று சொல்லிச் சிரிக்கப் போனவளுக்கு இருமல் வந்தது. எஸ்லின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். குடித்துவிட்டு அவள் மறுபடி பேசியபோது சிரிப்பு இல்லை. "அடுத்த மாசம் ஆபரேஷன். அப்புறம் குரல் எப்படி வரும்னு டாக்டருக்கே தெரியலை. ஆல்பம் இன்னும் ரெண்டு வாரத்துல வெளிய வருது. அதுல இருக்கறது முழுக்க என் குரல். அதுக்கு முன்னாடி இது தெரிஞ்சா ஆல்பம் கம்பெனிக்காரங்க நிறுத்திடுவாங்க. மேடைல பாட முடியாதவளுக்கு எதுக்குச் செலவு பண்றதுன்னு கேப்பாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. நீங்க அழறதப் பார்த்து எனக்கு மனசு கேக்கல, அதான் சொல்லிட்டேன்."

எஸ்லின் தன் தலையில் கை வைத்து, ஏசுவின் பேரில் சொல்லமாட்டேன் என்றாள். வண்டி நகர ஆரம்பித்தது.

திரும்பி வரும்போது அருள்ஜோசப் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான். "உன் வாயில தங்குமாடி?"

"போய்யா!" என்றாள். ஆனால் அவளுக்கே பயமாகத்தான் இருந்தது. எத்தனையோ வருஷமாகக் கண்டவர்களைப் பற்றியும் பாதி பொய்யோடு சொன்னவளிடம், முதல்முறையாக முழு நிஜமான செய்தி வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பாடகியின் வாயாலேயே கேட்டது. இதை மட்டும் பஸ்ஸில் சொன்னால் மங்கம்மா இரண்டு கையையும் கன்னத்தில் வைப்பாள். எஸ்லின் பாயில் புரண்டாள், எழுந்து தண்ணீர் குடித்தாள், மறுபடி புரண்டாள். எப்படியோ ஒரு வாரம் தாக்குப்பிடித்தாள். வேறு நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொல்லி ஒப்பேற்றினாள். சுரத்து இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், பி ஷிஃப்ட் பஸ் கெலமங்கலத்தை விட்டுக் கிளம்பியதுமே சுஜாதா எழுந்து நின்றாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"யக்கா, உங்க ஸ்வேனா பண்ண வேலைய பாத்தீங்களா? ஒருத்தன் வீடியோ போட்டிருக்கான். அவளுக்குத் தொண்டையே போயிடுச்சாம். வேணும்னே தோத்தாளாம்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"வேணும்னா?" என்றாள் மங்கம்மா.

"ஆமாங்கறேன்! நாம பைத்தியக்காரி மாதிரி சோத்த விட்டுட்டு ஓட்டுப் போடறோம், நான் மெமோ வாங்கறேன், அவ அங்க வேணும்னே தோக்கறா. அந்த ஆல்பத்துலயும் எவளோ பாடியிருக்காளாம். இதை நம்ம குரூப்புலயெல்லாம் போடுறேன். எல்லாரும் அவங்கவங்க ஊரு குரூப்புல போடுங்க. எவளும் அந்த ஆல்பத்தைக் கேக்கக் கூடாது!"

நாலைந்து பேர் போனை எடுத்தார்கள். சுஜாதா வீடியோவை அனுப்ப விரலைக் கொண்டுபோனாள்.

எஸ்லினுக்கு வதந்தியின் குணம் நன்றாகத் தெரியும். பெற்று வளர்த்தவள் ஆயிற்றே. அப்படியெல்லாம் இருக்காது என்று சொன்னால் அது சாகாது, இன்னும் கொழுக்கும். அதைவிடச் சூடான ஒன்றைப் போட வேண்டும். யாரைக் கரித்துக்கொட்டலாமோ அந்த ஆள் எதிரிலேயே இருக்க வேண்டும். அவளுக்கு யோசிக்க நேரமில்லை.

"அனுப்பாதடி! பொய்யி அது," என்று எழுந்தாள். "அவ தோத்ததுக்குக் காரணம் நான்."

"நீங்க என்னாக்கா பண்ணீங்க?"

"நம்ம ஓட்டு ஒண்ணுகூட எண்ணல. பன்னெண்டு மணிக்கே லைனை மூடிட்டாங்க. பிரேக்குக்கு வரங்காட்டி ஞாயித்துக்கெழமை ஆயிடுச்சி. நான் கம்பெனி கணக்குல சனிக்கெழமைன்னு நெனச்சி உங்க எல்லாரையும் ஒக்கார வெச்சி அடிக்கச் சொன்னேன். போனை எடுத்துப் பாருங்க, ஞாயித்துக்கெழமைன்னுதான் இருக்கும்."

சுஜாதா போனைத் தேடிப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். சிலர் அந்த அழைப்பு இன்னும் இருக்கிறதென்று பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காட்டினார்கள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?" என்றாள் சுஜாதா. வீடியோவை அவள் மறந்துபோயிருந்தாள்.

"மறுநாளே தெரியும்."

"மறுநாளே தெரிஞ்சும் எங்களச் சேனல்காரனைத் திட்ட விட்டு வேடிக்க பாத்தீங்களா? நான் பிஸ்கட் குடுத்தேனேக்கா! துக்கத்துல இருக்கீங்கன்னு குடுத்தேன்!"

 பின்சீட்டிலிருந்து யாரோ கன்னடத்தில் திட்டினார்கள். யாரோ சிரித்தார்கள். மங்கம்மா மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்தப் பொண்ணோட பொழப்பைக் கெடுத்தது நீதானா?"

காப்பாத்தியிருக்கீங்க என்று ஸ்வேனா சொன்ன வார்த்தை எஸ்லினின் நாக்கு நுனி வரை வந்தது.  கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாக்கா. நான்தான் கெடுத்தேன்."

"இனிமே எங்ககிட்ட எதப்பத்தியும் வாயத் தொறக்காதீங்க," என்று சொல்லிவிட்டு சுஜாதா போனைப் பையில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தொறக்க மாட்டேன்டி," என்றாள் எஸ்லின்.